உலக வறுமை பற்றிய விழிப்புணர்வுக்கு அரசுப் பணம்: பிரித்தானியக் கருத்துக்கேட்புக்குப் பதில் எழுதுவது எப்படி

பிரித்தானிய அரசு ஒரு கொள்கையை மாற்ற நினைத்தால், பல சமயங்களில் முதலில் ஓர் ஆவணத்தை வெளியிட்டு, பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். அதற்கு யாரும் பதில் எழுதலாம். குடியுரிமை கேட்கமாட்டார்கள், வாக்குரிமை இருக்கிறதா என்றும் பார்க்கமாட்டார்கள். இந்த நாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவரின் பதிலும் பெரிய தொண்டு நிறுவனத்தின் பதிலும் ஒரே மேசைக்குத்தான் போகின்றன.

இந்தக் கட்டுரை ஒரு குறிப்பிட்ட வகைக் கருத்துக்கேட்பைப் பற்றியது. வெளிநாட்டு உதவிக்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, இங்கேயே, பிரித்தானிய மக்கள் உலக வறுமையைப் புரிந்துகொள்வதற்காகச் செலவழிக்கலாமா, செலவழித்தால் எப்படி என்ற கேள்வி அது. பாடசாலைப் பாடங்கள், ஆசிரியர் பயிற்சி, சமூக அமைப்புகளின் திட்டங்கள் எல்லாம் இதற்குள் வரும். இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் விரிவாக எழுதுகின்றன. வறுமையும் போரும் கடல்கோளும் கண்ட ஊர்களிலிருந்து வந்தவர்களின் பதில்கள் என் கண்ணில் பட்டது மிகக் குறைவு. பேசப்படுவது எங்களைப் பற்றி. ஆகவே நாங்கள் எழுதவேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

எழுதும் முன் தெரிந்திருக்க வேண்டிய கதை

இந்தப் பணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் எழுதினால் உங்கள் பதில் காற்றில் நிற்கும்.

1970களின் பிற்பகுதியில் தொழிற்கட்சி அமைச்சர் ஜூடித் ஹார்ட், உலக வறுமையைப் பற்றி இங்குள்ளவர்களுக்குக் கற்பிக்கும் அபிவிருத்திக் கல்விக்கென ஒரு நிதியை ஏற்படுத்தினார். 1979இல் ஆட்சி மாறியதும் அது நிறுத்தப்பட்டது. 1997இல் தொழிற்கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்து, சர்வதேச அபிவிருத்திக்கெனத் தனி அமைச்சை உருவாக்கியது. அதன் முதல் அமைச்சர் கிளேர் ஷோர்ட். 1999இல் பொதுமக்களின் புரிதலை வளர்ப்பதற்கான உத்தி ஆவணம் வந்தது, நிதியும் வந்தது. 2002ஆம் ஆண்டின் சர்வதேச அபிவிருத்திச் சட்டம், உலக வறுமை பற்றிய விழிப்புணர்வை வளர்க்கும் அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுத்தது.

2010இல் மறுபடியும் ஆட்சி மாற்றம். புதிய அமைச்சர் அன்ட்ரூ மிச்சல் வந்தவுடன் சில விழிப்புணர்வுத் திட்டங்களை ரத்துச் செய்தார். கிழக்கு லண்டன் ஹாக்னியில் பிரேசில் பாணி நடனக் குழு ஒன்றுக்கு 146,000 பவுண், கோடைக்கால இசை விழாக்களில் விளக்கச் சாவடிகள் நடத்துவதற்கு 55,000 பவுண் என்ற விவரங்கள் பத்திரிகைகளில் வந்தன. ஏழைகளுக்குப் போகவேண்டிய பணம் இங்கே ஆட்டத்துக்குப் போகிறதா என்று கேட்டவர்களுக்கு யாராலும் சுருக்கமான பதில் சொல்ல முடியவில்லை. 2011இல் அமைச்சுக்காக நடந்த மீளாய்வு ஒரு சிக்கலான முடிவுக்கு வந்தது: விழிப்புணர்வு வறுமைக் குறைப்புக்கு உதவியிருக்கிறது என்ற வாதம் வலுவானது, ஆனால் அரசு நிதி கொடுத்த திட்டங்கள் நேரடியாக அப்படிப் பங்களித்தன என்று நிரூபிக்க முடியவில்லை. அதன்பின் பாடசாலைக் கல்வி மட்டுமே தப்பியது. 2013 முதல் 2018 வரை இங்கிலாந்தில் உலகக் கற்றல் திட்டம் ஒன்று பாடசாலைகளில் நடந்தது. தனி அமைச்சே 2020 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சோடு இணைக்கப்பட்டது.

கட்டுவதும் இடிப்பதுமாக இரண்டு சுற்று நடந்திருக்கிறது. இரண்டு முறையும் இடித்தது ஆட்சி மாற்றம். இரண்டாவது முறை கைகொடுக்காமல் போனது சான்று. ஆகவே உங்கள் பதில் எந்தக் கட்சி வந்தாலும் நிற்கக்கூடியதாக இருக்கவேண்டும், சான்றோடும் இருக்கவேண்டும்.

படி 1: யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள்

வெளிநாட்டு உதவி லண்டனிலுள்ள மத்திய அரசின் பொறுப்பு. பாடசாலைக் கல்வியோ இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கிலும் தனித்தனி. அதனால் ஒரே விஷயம் வெவ்வேறு வாசல்களில் வரும். வெளியுறவு அமைச்சு கேட்டால் அங்கே உதவி நிதியைப் பற்றிப் பேசலாம். ஆனால் இங்கிலாந்தின் பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லி அங்கே எழுதிப் பயனில்லை, அது கல்வி அமைச்சின் வேலை. ஸ்கொட்லாந்து அரசுக்குச் சொந்தமாக ஒரு சிறு சர்வதேச அபிவிருத்தி நிதி உண்டு. மலாவி, சாம்பியா, ருவாண்டா அதன் முக்கியப் பங்காளி நாடுகள். வேல்ஸில் எதிர்காலத் தலைமுறைகளின் நல்வாழ்வுக்கான 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு இலக்குகளில் ஒன்று, உலகப் பொறுப்புள்ள வேல்ஸ். கார்டிஃபில் இருந்து எழுதுபவர் அந்தச் சட்டத்தைக் காட்டியே பேசலாம்.

மத்திய அரசின் கருத்துக்கேட்புகள் அனைத்தும் அரசின் பொது இணையதளத்தில் ஒரே இடத்தில் கிடைக்கும். அமைச்சின் பெயரைத் தெரிவுசெய்து மின்னஞ்சல் அறிவித்தலுக்குப் பதிந்துவைத்தால் தேடவே தேவையில்லை.

இன்னொன்றையும் பிரித்தறியுங்கள். பாராளுமன்றத்தின் சர்வதேச அபிவிருத்திக் குழு அவ்வப்போது எழுத்துச் சாட்சியம் கேட்கும். அது அரசைக் கண்காணிக்கும் குழு, அரசு அல்ல. அதற்கு எழுதும் முறை வேறு. கடைசியில் அதைப் பார்க்கலாம்.

படி 2: கேள்விகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள்

கருத்துக்கேட்பு ஆவணம் நாற்பது ஐம்பது பக்கம் கூட இருக்கும். பயப்படவேண்டாம். கேள்விகளின் பட்டியல் பெரும்பாலும் இறுதியில் இருக்கும். முதலில் அதை எடுத்து வாசியுங்கள். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் உரிய பகுதிக்கு மட்டும் போங்கள். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்களுக்கு நேரடியாகத் தெரிந்த இரண்டு கேள்விக்கு நன்றாக எழுதுவது, பன்னிரண்டுக்கு மேலோட்டமாக எழுதுவதைவிடப் பயன்தரும்.

வாசிக்கும்போது, எது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். "அரசு தீர்மானித்துள்ளது" என்று தொடங்கும் வரியை எதிர்த்து மூன்று பக்கம் எழுதினால் அது ஓரமாக வைக்கப்படும். "அரசு உத்தேசித்துள்ளது" என்ற இடத்தில்தான் உங்கள் சொல்லுக்கு இடம் இருக்கிறது.

உங்களுக்கு இங்கே சட்டப்படி ஒரு பிடி இருக்கிறது. 1985இல் லண்டனின் பிரெண்ட் உள்ளூராட்சி, எங்கள் வெம்ப்ளி இருக்கும் அதே பிரெண்ட், பாடசாலைகள் தொடர்பாகச் சரியாகக் கருத்துக் கேட்கவில்லை என்று ஒரு வழக்கு வந்தது. கன்னிங் வழக்கு என்பார்கள். அதிலிருந்து நான்கு விதிகள் பிறந்தன: முடிவெடுக்கும் முன்பே கேட்கவேண்டும், மக்கள் யோசித்துப் பதில் சொல்லப் போதிய விவரமும் காரணமும் தரவேண்டும், போதிய அவகாசம் தரவேண்டும், வந்த பதில்களை மனச்சாட்சியோடு கருத்தில் எடுக்கவேண்டும். 2014இல் ஹாரிங்கே உள்ளூராட்சிக்கு எதிரான மோஸ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை உறுதிசெய்தது. வரிச்சலுகையைக் குறைக்கப்போன உள்ளூராட்சி, வேறு வழிகள் இருந்ததை மக்களுக்குச் சொல்லவே இல்லை. அதனால் அந்தக் கருத்துக்கேட்பு சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பு.

ஆகவே ஆவணத்தில் மாற்று வழிகள் பேசப்படாவிட்டால், உங்கள் பதிலின் தொடக்கத்திலேயே அதைப் பணிவாக, தெளிவாகக் குறிப்பிடுங்கள். ஒரே ஒரு வரி போதும்.

அவகாசத்தைப் பற்றிச் சுருக்கமாக. 2008ஆம் ஆண்டின் நெறிமுறைப்படி குறைந்தது 12 வாரம் கொடுத்தார்கள். 2012க்குப் பின் அந்தக் கட்டாயம் போய்விட்டது. இப்போது சில வாரங்களே கிடைக்கலாம். முடிவுத் திகதியை முதல் நாளே நாட்காட்டியில் போட்டுவிடுங்கள்.

படி 3: கடினமான கேள்விக்கு முதலில் விடை தேடுங்கள்

எந்த வடிவில் கேட்டாலும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: அங்கே ஒரு பிள்ளைக்குத் தடுப்பூசி போடக்கூடிய பணத்தை இங்கே ஒரு வகுப்பறையில் ஏன் செலவழிக்கவேண்டும்? இதைத் தவிர்த்துவிட்டு எழுதும் பதில்கள் எடுபடுவதில்லை. 2010இல் நடந்தது அதுதான். இன்று கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. தேசிய வருமானத்தில் 0.7 வீதம் உதவிக்கு என்று 2015இல் சட்டம் வந்தது. 2021இல் அது 0.5 ஆகக் குறைக்கப்பட்டது. 2027இல் 0.3 ஆகக் குறையும் என்று 2025 பெப்ரவரியில் பிரதமர் கியர் ஸ்டார்மர் அறிவித்தார். தொகை சுருங்கச் சுருங்க ஒவ்வொரு பவுணுக்கும் நியாயம் கேட்பார்கள்.

நியாயம் இருக்கிறது. ஏழை நாடுகளின் கதியை உதவிப் பணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. கடன், வணிக விதி, ஆயுத விற்பனை, வரி ஏய்ப்பு எல்லாம் தீர்மானிக்கின்றன. அவற்றைப் பற்றிய முடிவுகள் இங்கே எடுக்கப்படுகின்றன, இங்குள்ள வாக்காளர்களுக்குப் பதில்சொல்லும் அரசால். 1998 மே மாதம் பர்மிங்ஹாமில் எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடும் ஜி8 மாநாடு நடந்தபோது, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரிச் சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். தேவாலயங்களிலும் தொழிற்சங்கங்களிலும் பல மாதம் கடனைப் பற்றிப் பேசிப் புரிந்துகொண்ட மக்கள் அவர்கள். அடுத்த ஆண்டு கொலோன் மாநாட்டில் கடன் நிவாரணம் விரிவாக்கப்பட்டது. மக்களின் புரிதல் கொள்கையைத் தொட்ட இடம் இது. இப்படி ஒன்றைக் காட்டினால் அதிகாரிக்குக் கையில் பிடிக்க ஏதாவது கிடைக்கும்.

விதிகளின்படியும் தடையில்லை. நாடுகளின் உதவித் தொகையைக் கணக்கிடும் ஓஇசிடி அமைப்பு, அபிவிருத்தி விழிப்புணர்வுக்கென்றே 99820 என்ற குறியீட்டை வைத்திருக்கிறது. இந்தச் செலவு உதவிக் கணக்கில் சேரும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 2023இல் பிரித்தானியாவின் உதவித் தொகை ஏறத்தாழ 15.3 பில்லியன் பவுண். அதில் 4.3 பில்லியன், இந்த நாட்டுக்குள் அகதிகளைத் தங்கவைக்கவும் பராமரிக்கவும் போனது. "அதற்குக் கொடுக்கிறீர்களே, விழிப்புணர்வுக்குக் கொடுத்தால் என்ன?" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அந்தக் கணக்கு முறையை விமர்சிக்க நியாயமான வழிகள் உண்டு. ஆனால் அகதியின் செலவை எங்கள் வாதத்துக்குப் படிக்கல்லாக்கினால், அடுத்த வெட்டு அந்த விடுதிகளில் இருப்பவர்கள்மீது விழும். எங்களில் எத்தனை குடும்பங்கள் அந்த வாசலால் வந்தவை.

படி 4: நிதி சேர்ப்பையும் விழிப்புணர்வையும் கலக்காதீர்கள்

எங்கள் சமூகத்தவர் எழுதும்போது அதிகம் சறுக்கும் இடம் இது. 2004 கடல்கோளுக்குப் பின் பிரித்தானியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டு அவசரக் குழு 392 மில்லியன் பவுண் சேர்த்தது. எங்கள் கோயில்களிலும் தமிழ்ப் பாடசாலைகளிலும் தனியாகச் சேர்த்தார்கள். பெரிய மனங்கள்தான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேருக்கு முல்லைத்தீவுக் கரையில் ஏற்கெனவே இருபது ஆண்டுப் போர் என்ன செய்து வைத்திருந்தது என்று தெரியும்?

நிதி சேர்ப்பு இரக்கத்தை எழுப்புகிறது. விழிப்புணர்வு காரணத்தைக் கேட்க வைக்கிறது. சில சமயம் முன்னது பின்னதைக் கெடுக்கும். 1985இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக நடந்த லைவ் எய்ட் இசை நிகழ்ச்சியின் தாக்கத்தை, பதினாறு ஆண்டுகள் கழித்து விஎஸ்ஓ என்ற பிரித்தானியத் தொண்டமைப்பு ஆராய்ந்தது. பிரித்தானியர்களில் 80 வீதத்தினர் வளரும் நாடுகள் என்றதும் பஞ்சம், பேரழிவு, மேற்கின் உதவி என்றே நினைத்தார்கள். கண்ணில் ஈ மொய்க்கும் குழந்தையின் படம் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது. அந்தப் படத்துக்குள் எங்களையும் வைத்துப் பார்க்கும் பாடசாலையில் எங்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள். இதை அனுபவமாகச் சொல்ல எங்களைவிட யாருக்குத் தகுதி?

ஆகவே உங்கள் பதிலில் "ஊருக்கு இவ்வளவு அனுப்பினோம்" என்ற கணக்கு வேண்டாம். இங்கே யாருடைய புரிதல், எதிலிருந்து எதற்கு மாறியது என்பதை எழுதுங்கள்.

படி 5: ஒரு பதிலை எழுதிப் பார்ப்போம்

கேள்வி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "விழிப்புணர்வு நிதியில் எந்தப் பணிகளுக்கு முன்னுரிமை தரவேண்டும்? ஏன்?"

பெரும்பாலோர் எழுதுவது: "உலக வறுமை மிக முக்கியமான பிரச்சினை. எல்லோருக்கும் விழிப்புணர்வு தேவை. அரசு கூடுதல் நிதி ஒதுக்கவேண்டும்." எதுவும் பிழையில்லை. ஆனால் வாசிக்கும் அதிகாரி இதை "ஆதரவு" என்ற பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

ஒரு வார இறுதித் தமிழ்ப் பாடசாலை இப்படி எழுதலாம்:

"எங்கள் பாடசாலையில் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு தேயிலைப் பெட்டியை மேசையில் வைத்துப் பாடம் நடத்தினோம். பெட்டியின் விலையில் நுவரெலியாவில் கொழுந்து பறிப்பவருக்கு எவ்வளவு, தொழிற்சாலைக்கு எவ்வளவு, கலந்து பொதிசெய்யும் நிறுவனத்துக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்று குழுக்களாகப் பிரிந்து ஊகித்தார்கள், பிறகு தேடிப் பார்த்தார்கள். பாடத்துக்கு முன், தோட்டத்தில் ஏன் வறுமை என்று கேட்டபோது பலர் 'படிப்பில்லை' என்று எழுதினார்கள். பாடத்துக்குப் பின் அதே பிள்ளைகள் கூலி, விலை, காணியுரிமை என்று எழுதினார்கள். இரண்டு தாள்களையும் வைத்திருக்கிறோம். எங்கள் ஆசிரியர்கள் தன்னார்வலர்கள். முழுநேரப் பாடசாலை ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் பயிற்சிக்கு அவர்களால் விண்ணப்பிக்க முடிவதில்லை. பயிற்சியை வார இறுதிப் பாடசாலைகளுக்கும் திறந்துவிடவேண்டும், சனிக்கிழமைகளிலும் நடத்தவேண்டும்."

என்ன நடந்தது, எதனால் தெரியும், எங்கே தடை, என்ன செய்யவேண்டும் என்ற நான்கும் இதில் இருக்கின்றன. கேட்பது சிறியது, செய்யக்கூடியது. "முன்" தாளும் "பின்" தாளும் 2011 மீளாய்வு தேடிக் கிடைக்காத வகைச் சான்றுக்கு நெருக்கமானவை. நீங்கள் ஏதாவது பாடமோ கூட்டமோ நடத்துபவர் என்றால், கருத்துக்கேட்பு வரும்வரை காத்திராமல் இன்றே அந்தத் தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். நடக்காததை மட்டும் நடந்ததாக எழுதாதீர்கள். பின்னால் ஒருவர் வந்து பார்க்கக் கேட்கலாம்.

ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் முதலில் தமிழில் எழுதுங்கள். வாதம் தமிழில் சரியாக நின்றபின் எளிய ஆங்கிலத்துக்கு மாற்ற ஒருவரிடம் உதவி கேளுங்கள், பல்கலைக்கழகம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அது போதும். சிறு வசனங்கள், கேள்வி எண்ணோடு. இலக்கணத்துக்குப் புள்ளி கிடையாது.

வாட்ஸ்அப்பில் வரும் மாதிரிப் பதிலை அப்படியே அனுப்பவேண்டாம். ஒரே வாசகத்தில் ஆயிரம் வந்தாலும் அவற்றைப் பிரசாரப் பதில்கள் என்று ஒன்றாகக் கட்டி, ஒரே கருத்தாகச் சுருக்குவது வழக்கம். உங்கள் சங்கத்தில் பத்துப் பேர் எழுத விரும்பினால், ஆளுக்கு ஒரு அனுபவத்தைப் பத்து விதமாக எழுதுங்கள்.

படி 6: யார் பெயரில் அனுப்புவது

படிவத்தில் தனிநபரா, அமைப்பா என்று கேட்பார்கள். சங்கத்தின் பெயரில் அனுப்பினால் நிர்வாகக் குழுவின் ஒப்புதலை வாங்கி, கூட்டக் குறிப்பில் பதியுங்கள். எத்தனை பேரைப் பிரதிநிதித்துவம் செய்கிறீர்கள், அவர்களிடம் எப்படிக் கேட்டீர்கள் என்று இரண்டு வரி சேர்த்தால் மதிப்புக் கூடும். பதிவுசெய்த தொண்டு நிறுவனங்கள் எழுதக்கூடாது என்றொரு பயம் எங்கள் சங்கங்களில் பரவலாக இருக்கிறது. தேவையில்லாத பயம். உங்கள் அமைப்பின் நோக்கத்தோடு தொடர்புடைய கொள்கையைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம். கட்சிக்கு ஆதரவாகப் பேசுவதுதான் கூடாது.

பதில்கள் வெளியிடப்படலாம். இரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம், காரணத்தையும் எழுதுங்கள். ஆனால் 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் வேறொருவர் கேட்டால் முழு உத்தரவாதம் தரமுடியாது என்று ஆவணத்திலேயே போட்டிருப்பார்கள். ஊரிலுள்ள உறவினரின் பெயர், கிராமம், அடையாளம் தெரியக்கூடிய சம்பவம் எதையும் எழுதாதீர்கள். அடைக்கலக் கோரிக்கை நிலுவையில் இருப்பவர்கள் சங்கத்தின் பதிலுக்குள் தங்கள் கருத்தைச் சேர்ப்பது நல்லது.

இணையப் படிவத்தில் நேரடியாகத் தட்டச்சு செய்யாமல், வேறு கோப்பில் எழுதிவைத்து ஒட்டுங்கள். அனுப்பியதும் வரும் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலையும் பதிலின் பிரதியையும் பத்திரப்படுத்துங்கள்.

படி 7: அனுப்பிய பின்

கருத்துக்கேட்பு முடிந்து 12 வாரத்துக்குள் அரசு தன் பதிலை வெளியிடவேண்டும், முடியாவிட்டால் ஏன் என்று சொல்லவேண்டும். இது அரசு தானே வைத்திருக்கும் கோட்பாடு. திகதி தாண்டினால் ஆவணத்திலுள்ள முகவரிக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள்.

பதில் வந்ததும் உங்கள் கருத்து அதில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெயர் இருக்காது, "சில பதிலளித்தோர் வார இறுதிப் பாடசாலைகளைக் குறிப்பிட்டனர்" என்பதுபோல் ஒரு வரி இருக்கலாம். அந்த வரியை வெட்டி எடுத்து, உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள்: அரசு இதைக் கேட்டிருக்கிறது, என்ன செய்யப்போகிறது என்று அமைச்சரிடம் கேளுங்கள் என்று. உறுப்பினர் அமைச்சருக்கு எழுதினால் அமைச்சிலிருந்து எழுத்தில் பதில் வரும்.

உங்கள் கருத்து எங்குமே இல்லையென்றால், கன்னிங் விதிகளில் நான்காவதை நினைவூட்டி அமைச்சுக்கு எழுதலாம். பெரிய அமைப்புகள் சில சமயம் நீதிமன்றம் வரை போகும். அதற்கு மூன்று மாதத்துக்குள், தாமதமில்லாமல் மனுச் செய்யவேண்டும் என்பதால் வழக்கறிஞரை உடனே பார்க்கவேண்டும். பெரும்பாலான சங்கங்களுக்கு அது தேவைப்படாது. சர்வதேச அபிவிருத்திக் குழு அடுத்த முறை உதவிச் செலவைப் பற்றி விசாரணை தொடங்கும்போது, அதே அனுபவத்தைச் சாட்சியமாக அனுப்புங்கள். அங்கே படிவத்துக்குள் அடங்கவேண்டியதில்லை. நீங்கள் யார், ஏன் எழுதுகிறீர்கள் என்று ஒரு பந்தி, பிறகு எண்ணிட்ட பந்திகளாக விஷயம், இறுதியில் அரசு என்ன செய்யவேண்டும் என்ற பரிந்துரைகள். ஒரு முக்கிய நிபந்தனை: வேறெங்கும் வெளிவந்த எழுத்தை அப்படியே அனுப்பக்கூடாது. அதனால் பழைய பதிலை எடுத்து, இடைப்பட்ட மாதங்களில் சேர்ந்த புதிய தாள்களோடு மறுபடி எழுதுங்கள்.